தபால்பெட்டியில் இரண்டு பெயர்

செரிப்பழ வைன் செய்கிற ஊரில் வீடு வாடகைக்கு எடுப்பவர்கள், யன்னல்கள் எந்தப் பக்கம் திறக்கின்றன என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆலை முற்றத்தின் பக்கம் திறந்தால், பழம் பிழிகிற யூலை, ஓகஸ்ட் மாதங்களில் குளவி உள்ளே வந்துவிடும். தெருப்பக்கம் திறந்தால் நல்லது. எங்கள் குசினி யன்னல் தெருப்பக்கம் இருந்தது. எதிரே பேக்கரி. பாண் வேகும் வாசத்தோடு எழும்பலாம். படுக்கையறைகள் இரண்டும் முற்றத்தைப் பார்த்தவை. நான் முதலில் வந்தவன் என்பதால் குளவி குறைந்த அறையை எடுத்துக்கொண்டேன். மற்ற அறையில் இருந்த அல்பேட் அதைப் பற்றி ஒருநாளும் முறைப்பட்டதில்லை.

ஐயா, நீங்கள் விசாரணைக்கு அழைத்துவரும் மொழிபெயர்ப்பாளர் நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். நான் பத்து வசனம் சொன்னால் நாலைத்தான் டேனிஷில் சொல்கிறார். ஆகவே தாள் கேட்டு வாங்கி என் கைப்பட எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் ஓர் உபதபால் கந்தோரில் பதினொரு வருடம் வேலை பார்த்தவன் நான். என் கையெழுத்து யாருக்கும் விளங்கும். அந்தப் பதினொரு வருடத்தில் ஒருவருடைய கடிதத்தையும் நான் பிரித்ததில்லை, தொலைத்ததில்லை. இதை ஆரம்பத்திலேயே எழுதிவைப்பது நல்லது.

பெயர் குணசேகரம். வயது நாற்பத்துநான்கு. மனைவி சுசீலாதேவி ஊரில் இருக்கிறார். பிள்ளைகள் இல்லை.

எங்கள் ஊர் வழக்கம் ஒன்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. வீடு பெண்ணுக்குத்தான் சீதனமாகப் போகும். ஆண்பிள்ளை தாயின் வீட்டிலிருந்து மனைவியின் வீட்டுக்குப் போவான். நானும் அப்படித்தான் போனேன். சுசீலா கெட்டவர் அல்ல. ஆனால் ஒரு கதிரையை நகர்த்தி வைத்தால், "இது என்ரை அப்பா கட்டின வீடு" என்பார். பதினாறு வருடம் அந்த வீட்டில் என் சட்டைகளை ஓர் ஆணியில்தான் கொழுவினேன். பிறகு கொழும்பில் லொட்ஜ், இங்கே வந்த பிறகு பதினான்கு மாதம் அகதி முகாமில் நாலு பேருக்கு ஓர் அறை. அந்த மேல்மாடி வீட்டின் திறப்பு என் கைக்கு வந்தது 1987 சித்திரையில். கதவை உள்ளேயிருந்து பூட்டிவிட்டு நிலத்தில் இருந்து அழுதேன். நான் அழுகிற ஆள் இல்லை.

ஊர் சின்னது. ஒடென்சேயிலிருந்து பஸ்ஸில் ஐம்பது நிமிடம். நாலு தெரு, ஒரு வேதக்கோயில், சுற்றிவர செரித் தோட்டம். வைன் ஆலையும் அதன் மேல்மாடியும் கேர்டா என்ற விதவைக்குச் சொந்தம். கீழே பழம் பிழிகிற கொட்டகை, மேலே வீடு, இடையில் பதினான்கு மரப்படிகள். வீடு பார்க்கப் போன அன்று வாசலில் சப்பாத்தைக் கழற்றி வைத்ததைக் கண்டுதான் அவர் எனக்கு வீட்டைத் தந்தார். அந்தப் படிகளை ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் மெழுகு போட்டுத் துடைப்பேன். யாரும் கேட்டுச் செய்ததில்லை.

அல்பேட்டைக் கூட்டிவந்ததும் நான்தான். பழம் பிழிகிற காலத்துக்கு ஆலையில் உன்னோடு வேலை செய்ய இன்னொரு ஆள் வேண்டும், அவரையும் உன்னோடு வைத்துக்கொள் என்று கேர்டா கேட்டார். முகாமில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்தவன் அல்பேட். மன்னார்க் கத்தோலிக்கன், வள்ளத்து எஞ்சின் திருத்துகிற தொழில், முப்பத்தொரு வயது. மனைவி மேரிசெலினையும் மகள் றொஷானியையும் விட்டுவிட்டு வந்திருந்தான். அப்போது பிள்ளைக்கு மூன்று வயது.

இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவான் என்று ஒரு சொல் இருக்கிறது. அல்பேட் அப்படிப்பட்டவன் அல்ல. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். குசினியில் பாட்டுப் பாடுவான், மீன் செதிலைத் தொட்டியில் விட்டுவிட்டுப் போவான், என் பேணியில் தேயிலையை மாற்றிக் கொட்டிவிடுவான். சொன்னால், "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை" என்று சிரிப்பான். அடுத்த நாள் அதையே செய்வான். அடுத்தவர் வீட்டில் இருப்பது போல அவன் இருக்கவில்லை. தன் வீட்டில் இருப்பது போல இருந்தான்.

அவன் வந்த மாதமே கேர்டா எங்கள் இருவரையும் கோப்பி குடிக்கக் கூப்பிட்டு ஒரு நிபந்தனை சொன்னார். இந்த வீடு இரண்டு குடும்பத்துக்குப் போதாது. யாருடைய குடும்பம் முதலில் வந்து சேருகிறதோ அவருக்கு முழு வீடு. மற்றவருக்கு ஊரில் ஓர் அறை தேடித் தருவேன். நியாயமான பேச்சு. இருவரும் ஓம் என்றோம். அடுத்த கிழமை, திறப்பும் பெயர்த்தகடும் வெட்டிக்கொடுக்கிற சப்பாத்துக் கடையில் இரண்டு பெயரும் வெட்டிய தகடு ஒன்று செய்வித்து, படலையில் இருந்த தபால்பெட்டியில் பூட்டினார். மேலே குணசேகரம். கீழே அல்பேட்.

உங்கள் நாட்டில் தபால்பெட்டியில் பெயர் இல்லாதவனுக்குக் கடிதம் இல்லை. எங்கள் ஊரில் தபால்காரருக்கு ஆளைத் தெரிந்தால் போதும், பெயரே இல்லாமலும் கடிதம் போய்ச்சேரும். அல்பேட் கடைசிவரை அந்த ஊர் நினைப்பிலேயே இருந்தான். மேரிசெலின் அவனுக்கு எழுதும் கடிதங்கள், முகாம் நாளிலிருந்தே பழகிப்போய், என் பெயரைப் போட்டு 'மேற்பார்த்து' என்றுதான் வரும். நான் அவற்றை அவன் மேசையில் வைப்பேன். ஆகவே எல்லாக் கடிதமும் அண்ணையின் கையால் வரும் என்று அவன் நம்பினான். அரசாங்கம் அப்படி எழுதாது என்பது அவனுக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. என் தொழில் அது.

குடும்பத்தை அழைப்பதற்கான படிவங்களை 1987 புரட்டாதியில் குசினி மேசையில் வைத்து நிரப்பினோம். எனக்கு அவனைவிட டேனிஷ் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும் என்பதால் இரண்டையும் நானே எழுதினேன். அல்பேட்டினுடையதை அன்றே பதிவுத்தபாலில் அனுப்பினேன்.

பிறகு எதுவும் நடக்கவில்லை. டென்மார்க்கில் ஒரு தமிழனுக்கும் பதில் வரவில்லை. கொப்பன்ஹேகனில் பெரிய மனிதர்கள் எங்கள் கோப்புகளை வேண்டுமென்றே தூங்கவைத்தார்கள் என்று இப்போது பத்திரிகைகள் எழுதுகின்றன. அப்போது யாருக்குத் தெரியும். இக்காஸ்ட் என்ற ஊரில் துணி ஆலையில் வேலை செய்த யோசேப் என்ற முகாம் கூட்டாளி ஞாயிறுதோறும் ரெலிபோன் எடுத்து, "இண்டைக்கும் ஒண்டுமில்லையோ அண்ணை?" என்று கேட்பார். அவருடைய குரல் கிழமைக்குக் கிழமை சோர்ந்துகொண்டு வந்தது. சுசீலாவும் எழுதுவார், என்ன சொல்கிறார்கள் என்று. கோப்பு நித்திரை என்று பதில் எழுதுவேன்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். அந்த ஒன்றரை வருடம்தான் என் வாழ்க்கையில் நிம்மதியான காலம். காலையில் வேலை, பின்னேரம் சமையல், சனிக்கிழமை படி துடைப்பு. யாரும் வரப்போவதில்லை, யாரும் போகப்போவதில்லை.

அல்பேட்டுக்கு அப்படி இல்லை. ஒவ்வொரு ஐப்பசியும் ஒடென்சேக்குப் போய் மகளுக்கு ஒரு சோடி பனிச்சப்பாத்து வாங்கி வருவான். சிவப்பு நிறம், உள்ளே கம்பளி. பிள்ளையின் கால் எவ்வளவு வளர்ந்திருக்கும் என்று தன் உள்ளங்கையை வைத்து அளந்து பார்ப்பான். முதல் வருடம் ஒரு சோடி. அடுத்த வருடம் கொஞ்சம் பெரிது. அதற்கடுத்ததை மலிவு விற்பனையில் முன்கூட்டியே வாங்கிவிட்டான். மூன்று சோடியும் அவன் கட்டிலுக்கடியில் வரிசையாக இருந்தன. கூட்டும்போது நான் அவற்றை எடுத்து, துடைத்து, திரும்ப வைப்பேன். ஒவ்வொரு முறையும் வயிற்றெரிச்சலாக இருக்கும். பொறாமை என்றுதான் சொல்லவேண்டும்.

1989 தை மாதக் கடைசியில் யோசேப்பின் குரல் மாறியிருந்தது. "அண்ணை, கோப்பெல்லாம் எழும்பிட்டுதாம். இஞ்சை ஒரு ஆளுக்குக் கடிதம் வந்திட்டுது. இனி எங்களுக்கும் வரும்."

அடுத்த நாள் சப்பாத்துக் கடைக்குப் போய் ஒற்றைப் பெயரோடு ஒரு தகடு செய்வித்து, பழையதைக் கழற்றிவிட்டுப் பூட்டினேன். அல்பேட் கண்டு, "என்ரை பேர் எங்கை அண்ணை?" என்று கேட்டான். பித்தளையில் இரண்டு பெயரும் போட்டு நல்லதாக ஒன்று சொல்லியிருக்கிறேன், அதுவரைக்கும் இது என்றேன். "எங்களுக்குப் பித்தளையோ" என்று சிரித்தான். பிறகு மறந்துவிட்டான்.

பங்குனியில் கடிதம் வந்தது. வழமையான தபால்காரர் முதுகுவலியென்று லீவில் நின்றார். புதியவர் ஒருவர் சைக்கிளில் வந்து படலையில் நின்று, உறையையும் பெட்டியையும் மாறிமாறிப் பார்த்தார். நான் குசினி யன்னலில் நின்றேன். அவர் அண்ணாந்து உறையைத் தூக்கிக் காட்டினார். நான் தலையை இடமும் வலமும் ஆட்டினேன். அவர் சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்து உறையில் எழுதிக்கொண்டு போய்விட்டார். இவ்வளவுதான். அந்தக் கடிதத்தை நான் தொடவில்லை. பெரிய மனிதர்கள் நூற்றுக்கணக்கில் கோப்புகளைப் பூட்டி வைத்தார்கள். நான் ஒருமுறை தலையை ஆட்டினேன்.

யூலை 28 வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். யோசேப்பின் குடும்பத்துக்கு அனுமதி வந்ததைக் கேட்டு அல்பேட் பொறுமையிழந்து, அரைநாள் லீவு போட்டு, ஒடென்சேயில் வெளிநாட்டவர் கோப்பைப் பார்க்கிற பொலிஸ் கந்தோருக்குத் தனியாகப் போனான். ஆலை வெள்ளியில் மூன்று மணிக்கு மூடிவிடும். கேர்டா மகள் வீட்டுக்குப் போயிருந்தார். நான் கொட்டகையில் பிழிபொறியைக் கழுவிக்கொண்டிருந்தேன். நாலு மணி பஸ்ஸில் அவன் வந்தான்.

இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு என்னை நோக்கி ஓடிவந்தான். இதை முதல் விசாரணையில் சொன்னபோது, தாக்க வருகிறான் என்று பயந்ததாக நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். நானும் மறுக்கவில்லை. இப்போது திருத்துகிறேன். அவன் ஒரு கையில் கடிதத்தின் பிரதி இருந்தது. அவன் சிரித்துக்கொண்டு வந்தான். என்னைக் கட்டிப்பிடித்து நிலத்திலிருந்து தூக்கினான்.

"கிடைச்சிட்டுது அண்ணை! பங்குனியிலயே குடுத்திட்டாங்களாம். அந்தத் தபால்காரன் மொக்கன், ஆள் இல்லையெண்டு திருப்பி அனுப்பிப்போட்டான்."

"நல்லது" என்றேன்.

"உங்கடையும் வந்திருக்குமெண்டு உங்கடை பேரையும் பாக்கச் சொன்னனான். அந்தக் கந்தோர் மனிசி பாவம், மூண்டுதரம் தேடினவ. அப்பிடி ஒரு விண்ணப்பமே தங்களிட்டை இல்லையெண்டுறா. எங்கையோ மாறி வைச்சிட்டாங்கள் அண்ணை. திங்கக்கிழமை ரெண்டுபேருமாப் போவம். நான் விடமாட்டன்."

எனக்கு அப்போது வந்த கோபத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அடுத்தவனுடைய கோப்பைத் தேடச் சொல்லி இவனை யார் கேட்டது? என் மனைவி, என் படிவம், என் வீடு. அவன் முகத்தில் சந்தேகத்தின் சாயல்கூட இல்லை. சந்தேகப்பட்டு ஒரு சொல் கேட்டிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன், அவன் உயிரோடு இருந்திருப்பான் என்று சில நேரம் நினைக்கிறேன். திங்கட்கிழமை எனக்காகச் சண்டை போடப்போவதாகச் சொன்னான். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

"அந்தச் சாக்கை ஒருக்கா எடும்" என்றேன். அவன் குனிந்தான். பிழிபொறியைச் சுழற்றுகிற இரும்புத் தடி என் கைக்குப் பக்கத்தில் சாத்தியிருந்தது. பிடரியில் அடித்தேன். அவன் முழங்காலில் விழுந்து, திரும்பிப் பார்த்து, "அண்ணை" என்றான். குளவி குத்தியதைச் சொல்ல வருகிறவன் போல. இரண்டாவது அடி காதுக்கு மேலே. மண்டை உடைகிற சத்தம் பெரிதல்ல, ஈர விறகு முறிகிற மாதிரி. அவன் கையை நீட்டி என் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டான். அதை விடுவிக்கக் கையில் ஓர் அடி. பிறகு நாலு. எண்ணிக்கொண்டுதான் அடித்தேன், ஏழு. ஐந்துக்கு மேல் தேவைப்பட்டிருக்காது என்று உங்கள் வைத்தியர் சொன்னாராம். அது எனக்கு அப்போது தெரியாது.

எல்லோரும் நிறத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். செரிச் சாறும் இரத்தமும் ஒன்றுபோல இருந்திருக்குமே, யாருக்கும் வித்தியாசம் தெரிந்திராதே என்று. மூன்று பருவம் சாறு கழுவியவன் சொல்கிறேன், ஒன்றுபோல இல்லை. சாறு சூடுதண்ணீருக்குப் போகும். இரத்தத்துக்குப் பச்சைத்தண்ணீர் வேண்டும்.

கொட்டகையின் பின்மூலையில் பாவனையில்லாத சீமெந்துத் தொட்டி ஒன்று இருந்தது. அவனை அதற்குள் இறக்கி, மேலே அன்றைய பழச்சக்கை முழுவதையும் கொட்டி, பலகையால் மூடினேன். அவனை இறக்குவதற்கு முன், கையிலிருந்த கடிதப் பிரதியை அவன் சட்டைப்பையிலேயே மடித்துவைத்தேன். அது அவனுடைய கடிதம். பிறகு தரையைக் கழுவி, மேலே போய்க் குளித்து, பருப்பும் கத்தரிக்காயும் சமைத்துச் சாப்பிட்டேன். குசினி யன்னலைத் திறந்து வைத்தேன். வீடு முழுவதும் என்னுடையதாக இருந்தது. சந்தோசமாக இருந்தேன் என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்காது. ஆனால் இருந்தேன்.

ஆவணியில் கேர்டா மூக்கைச் சுளித்து, இந்த வருடச் சாறு கடுமையாக நொதிக்கிறது என்றார். இந்தமுறை வெயில் அதிகம் என்றேன்.

அல்பேட் எங்கே என்று கேட்ட தமிழர்களுக்குக் கனடாவுக்குப் போய்விட்டான் என்றேன். யாரும் மறுபடி கேட்கவில்லை. அந்த நாட்களில் காத்திருந்து வெறுத்தவர்கள் ஏஜென்சி பிடித்து இரவோடிரவாகக் கனடாவுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். சொல்லிக்கொண்டு போகிற வழக்கம் இல்லை, சொன்னால் காரியம் கெட்டுவிடும். யோசேப் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "மொன்றியலோ, ரொறன்ரோவோ?" ரொறன்ரோ என்றேன். "கெட்டிக்காரன், தப்பிட்டான்" என்றார். உங்கள் ஆட்கள் யாராவது காணாமற்போனால் ஆற்றைத் தேடுவீர்கள், காட்டைத் தேடுவீர்கள். எங்கள் ஆட்கள் காணாமற்போனால் நல்ல இடத்துக்குப் போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொள்வோம்.

அவன் அறையை நான் தொடவில்லை. சப்பாத்துகள் வரிசையாகவே இருந்தன. மேரிசெலினின் கையெழுத்தில், என் பெயருக்கு மேற்பார்த்து, மூன்று கடிதங்கள் வந்தன. அவற்றை வழமைபோல அவன் மேசையில் வைத்தேன். பிரிக்கவில்லை. பிரித்திருந்தால் அவர் எந்த நாள், எந்த விமானத்தில் வருகிறார் என்பது எனக்குத் தெரிந்திருக்கும். பிறருடைய கடிதத்தைப் பிரிக்காத பழக்கம் என்னை எங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது பாருங்கள்.

செப்டெம்பர் 19, செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணிக்குப் படியில் காலடிச் சத்தம் கேட்டது. கதவைத் திறந்தேன். மெலிந்த ஒரு பெண், பருத்திச் சேலை, மேலே யாரோ கொடுத்த பெரிய ஆண்கள் கோட்டு. அவர் கையைப் பிடித்தபடி ஒரு பிள்ளை.

"குணசேகரம் அண்ணைதானே? நான் மேரிசெலின். இவர் விமான நிலையத்துக்கு வரேல்லை. ஒரு வெள்ளைக்கார மனிசிதான் ரெயின் ஏத்தி, கப்பல் மாத்தி, பஸ்ஸிலயும் விட்டவ. இவருக்கு ஏதும் சுகமில்லையோ?"

உள்ளே கூப்பிட்டு, தேநீர் போட்டுக் கொடுத்து, கனடாக் கதையைச் சொன்னேன். அவர் கோப்பையைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குள் முற்றத்திலிருந்து கண்ட கேர்டா ஒரு பாணோடு மேலே ஏறி வந்துவிட்டார். பிள்ளையின் கன்னத்தைத் தட்டினார். பிறகு என்னிடம், நான் இரண்டு வருடத்துக்கு முன் சொன்ன சொல் சொல்தான், இந்தக் குடும்பம் முதலில் வந்துவிட்டது, முதலாம் திகதியிலிருந்து வீடு இவர்களுடையது, அல்பேட் எங்கே போனாலும் பிள்ளையைத் தேடித் திரும்பி வருவான், உனக்குக் கோயிலுக்குப் பின்னால் ஓர் அறை பார்த்துத் தருகிறேன் என்றார். என்னையே அதை மேரிசெலினுக்கு மொழிபெயர்த்துச் சொல்லச் சொன்னார். நான் சொன்னேன், ஒரு சொல்லும் விடாமல். கேர்டா இறங்கிப் போனார்.

ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை ஓட்டியதாம். எனக்கு அந்தப் பழமொழிதான் ஓடிக்கொண்டிருந்தது.

மேரிசெலின் அல்பேட்டின் அறைக்குள் போனார். நான் வாசலில் நின்றேன். தன் மூன்று கடிதங்களும் ஒட்டியபடியே மேசையில் கிடப்பதைத் தொட்டுப் பார்த்தார். பிறகு குனிந்து கட்டிலுக்கடியில் பார்த்தார். பிள்ளை அதற்குள் மூன்று சோடியையும் வெளியே இழுத்துவிட்டது. முதல் சோடி கால் நுழையவில்லை. இரண்டாவது சரியாக இருந்தது. வெயில் அடிக்கிற நாளில் அந்தப் பிள்ளை கம்பளிச் சப்பாத்தோடு அறையைச் சுற்றி நடந்தது.

"அண்ணை" என்றார் மேரிசெலின். குரல் தாழ்ந்திருந்தது. "இவர் கனடாவுக்குப் போகேல்லை."

"ஏன் அப்பிடிச் சொல்லுறீர்?"

கைப்பையைத் திறந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். தந்தி. ஒடென்சே தபால் கந்தோர், யூலை 28, பிற்பகல் இரண்டு மணி. பஸ் ஏறுவதற்கு முன் அடித்திருக்கிறான். அனுமதி கிடைத்தது, வீடு ஆயத்தம், உடனே வா.

"வீடு ஆயத்தம் எண்டு தந்தி அடிச்ச மனிசன் கனடாவுக்குப் போவாரோ அண்ணை? இவருக்கு ஏதோ நடந்திட்டுது. ஒருக்காப் பொலிசுக்குப் போவம். நீங்கள் பாஷை தெரிஞ்சனீங்கள். உங்களை விட்டால் எனக்கு இஞ்சை ஆர் இருக்கினம்?"

பதினொரு வருடம் தந்தி அடித்தவன் நான். தந்தியில் வீணாக ஒரு சொல் போடமாட்டார்கள். அவன் தெரிந்தெடுத்துப் போட்ட சொல், வீடு. யாருடைய வீடு?

"வாரும், போவம்" என்றேன். அவரை முன்னுக்கு விட்டேன். இரண்டாவது படியில் அவர் கால் வைத்தபோது, இரண்டு கைகளாலும் முதுகில் தள்ளினேன். சனிக்கிழமைதான் மெழுகு போட்டிருந்தேன். எங்கும் பிடி கிடைக்காமல் மிச்சப் பன்னிரண்டு படியும் போய் விழுந்தார். கால் ஒன்று மடங்கக்கூடாத பக்கம் மடங்கியிருந்தது. ஆனாலும் முனகிக்கொண்டு, கைகளால் ஊன்றி, வெளிக்கதவை நோக்கி ஊர்ந்தார். நான் மெதுவாக இறங்கினேன். தடி கீழே கொட்டகையில் அதன் இடத்தில்தான் சாத்தியிருந்தது. தலைக்குத்தான் ஓங்கினேன். அவர் திரும்பிக் கையை உயர்த்தியதால் முழங்கையில் விழுந்தது, எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வந்தது. அவர் என்னைக் கெஞ்சவில்லை. "றொஷானி, ஓடு" என்றார்.

பிள்ளை படியில் வந்து, எங்கள் இருவருக்கும் நடுவால், என் காலை இடித்துக்கொண்டு ஓடியது. சிவப்புச் சப்பாத்து தெருக்கல்லில் தொம் தொம்மென்று கேட்டது. நேரே பேக்கரிக்குள். ஒரு சொல் டேனிஷ் தெரியாத பிள்ளை. வெயிலில் பனிச்சப்பாத்தோடு நின்று கத்தியதைப் பார்த்தே அவர்களுக்கு விளங்கிவிட்டதாம்.

நான் துரத்தவில்லை. தடியைச் சாத்திவிட்டு மேலே போனேன். மற்ற இரண்டு சோடியையும் கட்டிலுக்கடியில் வைத்தேன், தேநீர்க் கோப்பைகளைக் கழுவினேன், உங்கள் ஆட்கள் வரும்வரை குசினி யன்னலோரம் இருந்தேன். தொட்டியின் பலகையைத் தூக்கிப் பார்க்கச் சொன்னதும் நான்தான். மேரிசெலின் உயிரோடு இருக்கிறார் என்றும், கால் நொண்டும் என்றும், கேர்டா சொன்னபடி வீட்டை அவருக்கே கொடுத்துவிட்டார் என்றும் மொழிபெயர்ப்பாளர் சொன்னார். அல்பேட்டைக் கொன்றது நான். அவன் மனைவியைக் கொல்ல முயன்றதும் நான். இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன்.

கடைசியாக, என் மேசை லாச்சியில் நீங்கள் கண்டெடுத்த படிவத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அது சுசீலாவை அழைப்பதற்கான விண்ணப்பம்தான். 1987இல் நிரப்பியது, கையெழுத்தும் இருக்கிறது, முத்திரையும் ஒட்டியிருக்கிறது. ஏன் அனுப்பவில்லை என்று கேட்டீர்கள். மனைவியைக் கூப்பிடுகிறவன் முதலில் வீட்டை நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டாமா? நான் செய்ததெல்லாம் அவருக்காகத்தான். வீடு என் கைக்கு உறுதியாக வந்த அன்றே அனுப்பியிருப்பேன்.

கேர்டா தபால்பெட்டியில் புதுத் தகடு பூட்டியிருக்கிறாராம். அல்பேட், மேரிசெலின் என்று இரண்டு பெயராம். இறந்தவனுக்குக் கடிதம் வராது. தபால்காரனாக இருந்தவன் சொல்கிறேன், அந்த இடம் வீண். தண்டனை முடிந்து நான் வரும்போது அங்கே என் பெயரைப் போடலாம் என்று அவரிடம் சொல்லிவையுங்கள். இதை மொழிபெயர்ப்பாளரிடம் சொன்னேன். கீழே சுசீலாதேவியின் பெயரையும் போடச் சொல்லவா என்று கேட்டார்.

வேண்டாம் தம்பி என்றேன். தகடு சின்னது.